தொழிலகப் பாதுகாப்புக் கல்வி: பிழைப்பும் பொறுப்பும்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களைச் சேர்ந்த மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிலகப் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றிய கல்வி, வேலை தேடும் இளைஞருக்கும் வேலையில் உயர விரும்புவோருக்கும் எவ்வகையில் துணை நிற்கும் என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் பொறியாளன் அல்லன், மருத்துவனும் அல்லன். பொருளாதாரம் பயின்று மத்திய அரசுப் பணியில் ஆண்டுகள் பல கழித்தவன். ஆகவே இக்கேள்வியைப் பொருளாதார மாணவன் ஒருவன் நோக்கும் முறையிலேயே நோக்க விரும்புகிறேன். எந்தக் கல்விக்கும் இரண்டு விலைகள் உண்டு. கற்றவனுக்குச் சந்தை கொடுக்கும் விலை ஒன்று. அக்கல்வி இல்லாமையால் சமுதாயம் கொடுக்கும் விலை மற்றொன்று. இரண்டாவது விலையை முதலில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, முதலாவதற்கு வருவதே முறையாகும்.

அறியாமையின் விலை

2018 ஆம் ஆண்டு பிப்ரவரி 16 ஆம் நாள், இம்மாவட்டத்துப் பலமனேருக்கு அருகிலுள்ள மொரம் கிராமத்தில், கோழிப்பண்ணை நிறுவனம் ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்யும் வேலையில் ஏழு தொழிலாளர்கள் நச்சுக்காற்றுக்கு இரையானார்கள். யாருடைய பொறுப்பு எவ்வளவு என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. இத்தகைய விபத்துகளில் ஒருவர் மட்டும் இறப்பது அரிது. முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார், அவரைத் தூக்க மற்றொருவர் இறங்குகிறார், அவருக்காக மூன்றாமவர். அமெரிக்க நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1986 இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடங்களில் நேரும் மரணங்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை காப்பாற்றப் போனவர்களுடையவை என்று குறிப்பிட்டது. அங்கே மனிதரைக் கொல்வது கோழைத்தனமோ கவனக்குறைவோ அன்று. அன்பும் துணிவும் அறிவின் துணையின்றி இறங்கிவிடுவதுதான்.

அந்த அறிவு எத்தகையது? மிக எளியது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.9 விழுக்காடு. அது 19.5க்குக் கீழே இறங்கிய இடத்தில் மனிதர் நுழையலாகாது. கழிவு அழுகும் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு, குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கின் நுகரும் திறனையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று அனுபவசாலி நினைக்கும் கணமே ஆபத்தின் உச்சமாக இருக்கக் கூடும். இதை அனுபவம் கற்பிக்காது. அனுபவித்தவர் திரும்பி வந்து சொல்வதில்லை. கல்விதான் கற்பிக்க முடியும்.

இதற்கான விதியும் புதியதன்று. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 36 ஆம் பிரிவில், தகுதி பெற்ற ஒருவர் சோதித்து எழுத்து மூலம் சான்று அளித்தாலன்றி, அல்லது சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருந்தாலன்றி, நச்சுப் புகை இருக்கக் கூடிய தொட்டிக்குள் யாரும் இறங்கலாகாது என்று கூறியது. 2013 ஆம் ஆண்டின் சட்டமொன்று, கழிவுநீர்த் தொட்டிகளைப் பாதுகாப்பற்ற முறையில் ஆளை இறக்கித் தூய்மை செய்வதையே தடை செய்தது. சட்டம் இருக்கிறது, கயிறு கடையில் கிடைக்கிறது, காற்றை அளக்கும் கருவி கைக்குள் அடங்குவது. இம்மூன்றையும் தொட்டியின் வாயில் ஒன்று சேர்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்குவதே நான் சொல்லும் கல்வி.

நம் வட்டாரத்தின் தொழில்களும் தீங்குகளும்

இவ்வட்டாரத்தில் இக்கல்விக்கு வேலை இருக்கிறதா என்று கேட்கலாம். சுற்றிப் பாருங்கள். திருப்பதிக்கு அருகே கரகம்பாடியிலும் சித்தூர்ப் பகுதியிலும் ஈய-அமில பாட்டரித் தொழில் வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிச் சத்தியவேடு பகுதியில் 2008 இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. காளஹஸ்திக்கு அருகே இரும்புக் குழாய் ஆலை, திருப்பதியில் ரயில் பெட்டிகளைச் செப்பனிடும் பணிமனை, சித்தூரைச் சுற்றித் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள், பால் பதனிடும் ஆலைகள், குப்பம் பகுதியில் கருங்கல் குவாரிகளும் கல் அறுத்து மெருகேற்றும் பட்டறைகளும், நகரியில் விசைத்தறிகள். ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய தீங்கு ஒன்று உண்டு.

பாட்டரித் தொழிலை எடுத்துக் கொள்வோம். ஈயம் தூளாகவும் புகையாகவும் மூச்சோடு உள்ளே போகிறது. கழுவாத கையோடு உண்ணும் சோற்றின் வழியாகவும் போகிறது. இரத்தம், நரம்பு, சிறுநீரகம் ஆகியவற்றை அது மெல்லக் கெடுக்கிறது. வேலை உடுப்பிலேயே வீடு திரும்பினால், உடுப்பில் ஒட்டிய தூள் குழந்தையின் உடலை அடைகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே ஈயம் கொடியது. ஆகவே வேலை முடிவில் குளிப்பதும், உடுப்பை ஆலையிலேயே சலவைக்கு விடுவதும், குறித்த கால இடைவெளியில் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிப்பதும் தொழிலாளிக்குக் காட்டும் சலுகைகள் அல்ல. உற்பத்தி முறையின் பகுதிகளே ஆகும்.

கல் பட்டறையில் பறக்கும் சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டுமே இயலும். அறுக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சுவதும், தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி அகற்றுவதும் முகமூடியைக் காட்டிலும் பயன் தருபவை. பால் பதனிடும் ஆலைகளின் குளிரூட்டும் பொறிகளில் அம்மோனியா ஓடுகிறது. 2020 ஆகஸ்டில் பூதலப்பட்டுக்கு அருகே ஓர் ஆலையில் அது கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விசைத்தறிக் கூடத்தின் ஓசையோ காயமின்றியே காதைக் கெடுக்கிறது. கேட்கும் திறன் குறைந்துவிட்டதை நெசவாளரே அறியப் பல ஆண்டுகள் ஆகும்.

இங்கே ஓர் உண்மையைக் கருத்தில் கொள்ள வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019 இல் உலகெங்கும் வேலை காரணமாக இறந்தவர்கள் சுமார் 29 லட்சத்து 30 ஆயிரம் பேர். அவர்களுள் விபத்தில் மாண்டோர் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேரே. எஞ்சியோர் அனைவரும் வேலையால் வந்த நோயால் மாண்டவர்கள். பத்திரிகையில் வருவது விபத்து, நோய் வருவதில்லை. 'உமது தொழில் யாது?' என்று நோயாளியைக் கேட்க வேண்டும் என 1700 இல் இத்தாலிய மருத்துவர் ரமாஸீனி எழுதிய நூல் வலியுறுத்தியது. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் இன்னும் நம் புறநோயாளிப் பிரிவுகளில் போதிய அளவு வேர்கொள்ளவில்லை.

சந்தை ஏன் தானே சரிசெய்து கொள்வதில்லை?

ஆபத்தான வேலைக்குக் கூலி மிகுதியாக இருக்கும் என்று ஆடம் ஸ்மித் காலத்திலிருந்தே பொருளாதார நூல்கள் கூறி வருகின்றன. ஆபத்து கூலியாக மாறினால், கூலிச் செலவைக் குறைக்க விரும்பும் முதலாளி ஆபத்தையும் குறைப்பார் என்பது அதன் உட்கருத்து. கருத்து அழகியதே. ஆனால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால்தான் அது மெய்யாகும். தொழிலாளி ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின் வேண்டாமென்று விலகிச் செல்ல அவருக்கு வேறு வழி இருக்க வேண்டும். மாம்பழப் பருவத்தில் சில மாதங்களுக்கு மட்டும் வந்து போகும் கூலியாளுக்கும், ஒப்பந்தக்காரர் வழியே ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞருக்கும் இவ்விரண்டுமே அரிது.

மேலும் செலவு முழுவதும் ஆலைக் கணக்கில் ஏறுவதில்லை. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது மாண்ட 12 பேர் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு, தொட்டியின் வெப்பநிலை அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டு வந்ததையும், அபாயச் சங்கு இருந்தும் இயக்கப்படாததையும் சுட்டிக் காட்டியது. ஒரு வெப்பமானியின் விலை என்ன, அது இல்லாமையின் விலை என்ன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதை ஆலை கொடுத்திருக்கும். இரண்டாவதை ஊர் கொடுத்தது.

எனவேதான் அரசு குறுக்கிட வேண்டியிருக்கிறது. அரசமைப்பின் 39 ஆம் உறுப்பு தொழிலாளரின் உடல்நலமும் வலிமையும் சிதைக்கப்படலாகாது என்கிறது. 42 ஆம் உறுப்பு நியாயமும் மனிதத் தன்மையும் உள்ள பணிச்சூழலை வேண்டுகிறது. உச்ச நீதிமன்றம் 1995 இல், கல்நார்த் தொழிலாளர் தொடர்பான வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் பாதுகாப்பான பணிச்சூழலைத் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது.

சட்டம் திறக்கும் வாயில்

இனி, கற்றவனுக்குக் கிடைக்கும் விலைக்கு வருவோம். 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த பிரிவின்படி, ஆயிரமோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள ஆலைகள் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டியிருந்தது; ஆபத்து மிகுந்த பிற ஆலைகளையும் மாநில அரசு குறிப்பிடலாம். 1984 டிசம்பரில் நேர்ந்த போபால் துயரத்தின் பின், 1987 இல் அபாயகரமான செய்முறைகள் பற்றிய தனி அத்தியாயம் இணைக்கப்பட்டது. பின்னர் அச்சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கிய 2020 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி 500 தொழிலாளர் உள்ள ஆலைகளிலும், அபாயகரமான செய்முறை நடக்கும் இடமாயின் 250 பேர் உள்ள ஆலைகளிலும் பாதுகாப்பு அலுவலர் இருந்தாக வேண்டும். கட்டிட வேலைக்கு 250, சுரங்கத்திற்கு 100 என்று வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் என்றிருந்த எல்லை ஐந்நூறாகியிருப்பதால், பயிற்சி பெற்றவர்களுக்குத் தேவை பெருகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகுதியை அடைவது எவ்வாறு? பழைய சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் பெரும்பாலும் ஒரே வடிவினவாக இருந்தன. பொறியியல் பட்டமும் இரண்டாண்டு ஆலை அனுபவமும், அல்லது இயற்பியல் வேதியியல் பட்டமோ பொறியியல் பட்டயமோ பெற்று ஐந்தாண்டு அனுபவமும். இவற்றோடு அரசு ஏற்றுக்கொண்ட தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் ஒன்று. ஆதலால் கல்லூரியை விட்டதும் நேரே பாதுகாப்பு அலுவலர் ஆகிவிடலாம் என்று எண்ண வேண்டாம். முதலில் பொறிகளின் அருகே சில ஆண்டுகள் நில்லுங்கள். பிறகு பட்டயம் பயிலுங்கள். மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மும்பையில் மத்தியத் தொழிலாளர் நிலையமும், சென்னைத் தரமணி, கொல்கத்தா, கான்பூர், பரீதாபாத் ஆகிய இடங்களில் வட்டாரத் தொழிலாளர் நிலையங்களும் இருக்கின்றன. இவற்றின் ஓராண்டுத் தொழிலகப் பாதுகாப்பு உயர் பட்டயம் நெடுங்காலமாக மதிப்புப் பெற்றது. சித்தூரிலோ திருப்பதியிலோ காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் தரமணியை அடையலாம். மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்குத் தொழில்வழி நோய்களில் மூன்று மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும் உண்டு. அபாயகரமான ஆலைகளின் மருத்துவ அலுவலர்களுக்கு அது பெரிதும் வேண்டப்படுவது.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல நினைப்போர் பிரிட்டனின் நெபோஷ் தேர்வை எழுதுகிறார்கள். அங்குப் பல நிறுவனங்கள் அதை விரும்பிக் கேட்கின்றன. ஆனால் இந்தியச் சட்டம் கோரும் பட்டயத்திற்கு அது மாற்றாகிவிடாது என்பதை அறிந்து பணம் கட்டுங்கள். சில வாரங்களில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் கூடங்கள் பல. சேரும் முன், 'இப்பட்டயத்தை மாநில அரசு ஏற்றிருக்கிறதா?' என்னும் ஒரே கேள்வியை எழுத்து மூலம் கேளுங்கள். விடை எழுத்தில் வராவிட்டால் விலகிவிடுங்கள். கலை, வணிகவியல், பொருளாதார மாணவர்களுக்கும் இத்துறையில் இடமுண்டு. தொழிலாளர் ஈட்டுறுதி, இழப்பீடு, காப்பீடு, புள்ளிவிவரம், தொழிலாளர் நல நிர்வாகம் ஆகியவற்றில் இவ்வறிவு உடையவர் மற்றவரினும் ஒரு படி முன்னே நிற்பார்.

தொழிலாளியின் மொழி

மேற்கண்ட விதிகளில் பலரும் படிக்காமல் தாண்டிச் செல்லும் ஒரு வரி உண்டு. ஆலை அமைந்த வட்டாரத்தில் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழியில் பாதுகாப்பு அலுவலருக்குப் போதிய அறிவு இருக்க வேண்டும் என்பது அது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை. 1911 இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்றும் நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் வாழ்கின்றன. வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என இரு மொழிகளோடு வளர்ந்தவர்கள் நீங்கள். இந்தியும் ஓரளவு சேர்ந்தால், ஒரு பணிமுறையில் நிற்கும் அனைவரிடமும் உங்களால் பேச முடியும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி மாட்டிய எச்சரிக்கைப் பலகை ஆய்வாளருக்காக மாட்டப்பட்டதே அன்றி, தொழிலாளிக்காக அன்று.

எதை அளக்கிறோம்?

இக்கல்வியால் பதவி உயரும் என்று சொன்னேன். அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு அலுவலரின் வெற்றி நடக்காத நிகழ்ச்சிகளில் இருக்கிறது. நடக்காததை யாரும் பாராட்டுவதில்லை. ஆகவே நிர்வாகம் எண்ணிக்கையைப் பார்க்கிறது. இந்த ஆண்டு இத்தனை விபத்து, சென்ற ஆண்டு இத்தனை. குறைந்தால் பாராட்டு, கூடினால் விளக்கம். இப்படி எண்ணிக்கையின் மீது பதவியை நிறுத்தினால் குறையப் போவது விபத்தா, விபத்தின் கணக்கா? விரல் நசுங்கியவரை விடுப்பில் அனுப்பாமல் நாற்காலியில் அமர்த்தி வைத்தால் 'நாளிழப்பு விபத்து' ஒன்று கணக்கிலிருந்து மறைகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் காயம் ஒப்பந்தக்காரரின் ஏட்டிலும் ஏறாமல், ஆலையின் ஏட்டிலும் ஏறாமல் நடுவே விழுந்துவிடுகிறது.

ஹெயின்ரிச் என்ற அமெரிக்கர் 1931 இல் வெளியிட்ட நூலில், ஒரு பெருங்காயத்திற்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமின்றித் தப்பிய 300 நிகழ்ச்சிகளும் இருப்பதாகக் கணக்கிட்டார். அந்த எண்களைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றனர்; எல்லாத் தொழிலுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது என்பது சரியே. எனினும் பெருங்கேட்டுக்கு முன் சிறு அறிகுறிகள் தோன்றக் கூடும் என்ற எண்ணம் பயனுள்ளது. அறிகுறியைச் சொன்னவனைத் தண்டிக்கும் ஆலையில் அறிகுறி தோன்றாது. கேடு மட்டுமே தோன்றும். எனவே அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஓர் ஆலையின் ஏட்டில் சிறு காயமே இல்லை என்று கண்டால் மகிழாதீர்கள், கேள்வி கேளுங்கள். மாணவர்களுக்கு: உங்கள் திறமையை, நீங்கள் கண்டறிந்து சீர்செய்த குறைகளின் எண்ணிக்கையால் அளக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு அலுவலர் ஆலையின் தலைமை நிர்வாகியிடம் நேரே பொறுப்புடையவராக இருக்க வேண்டும், அவரது கடமைக்கு முரணான வேறு வேலையை அவருக்குத் தரலாகாது என்று விதிகள் வகுத்ததும் இதற்காகவே. பொறியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இல்லாத பாதுகாப்பு அலுவலர், தலைக்கவசம் வழங்கும் பண்டகக் காப்பாளரே ஆவார்.

சிறு பட்டறைகளுக்கு யார்?

இறுதியாக ஒன்று. 250, 500 என்ற வரம்புகள் பெரிய ஆலைகளுக்குப் பொருந்தும். கல் பட்டறைகளும் விசைத்தறிக் கூடங்களும் மாம்பழக் கூழ் ஆலைகள் பலவும் அந்த வரம்புக்குக் கீழே நிற்பவை. நுரையீரலுக்கு வரம்பு தெரியாது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் தூசியும் அதே தூசிதான். ஒவ்வொரு சிறு முதலாளியும் தனியே ஓர் அலுவலரை அமர்த்த இயலாது. ஆனால் ஒரு தொழிற்பேட்டையில் உள்ள இருபது பட்டறைகள் கூடி ஒருவரை அமர்த்திக் கொள்ளலாம். பால் கூட்டுறவுச் சங்கங்களை நடத்திய மக்களுக்கு இது கடினமான கருத்தன்று. மாவட்டத் தொழில் மையமும் தொழிற்சாலைகள் துறையும் முன்நின்றால், வாரத்தில் ஒரு நாள் ஒரு பட்டறை என்று சுற்றி வந்து, தண்ணீர் பாய்கிறதா, பொறியின் மூடி இருக்கிறதா, மின்கம்பி உரிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒருவரைப் பெற முடியும். படித்த இளைஞருக்கு அது ஊரை விட்டுப் போகாமல் கிடைக்கும் கௌரவமான பிழைப்பு. பட்டறைக்கு அது ஒரு தொழிலாளியின் உயிருக்கும் இழப்பீட்டுக்கும் ஈடான சேமிப்பு.

1966 மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு மன்றம் தோன்றியதால், ஆண்டுதோறும் அந்நாளில் ஆலை வாயில்களில் கொடியேற்றி உறுதிமொழி எடுக்கிறோம். உறுதிமொழி நல்லது. அதைச் சொல்லி முடித்தபின், தொட்டியின் மூடியைத் திறக்குமுன் காற்றை அளக்கத் தெரிந்த ஒருவர் அந்த வரிசையில் நின்றால், அது இன்னும் நல்லது. அந்த ஒருவராக ஆவதற்கு உங்களுக்குப் படிப்பு இருக்கிறது; மொழி இருக்கிறது; சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஊதியம் பின்னே வரும்.